முதலில் பெயர், பிறகு ஊர்: உணவுக்குழாய்ச் சிறுசெல் புற்றுநோய்க்கு எந்தச் சிகிச்சை, எங்கே?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் என் தாய்மாமாவுக்கு 58 வயதில் சாப்பாடு இறங்காமல் போனது. முதலில் மரச்சீனிக் கிழங்கு நெஞ்சில் நின்றது. பிறகு சோறு. ஏத்தம்பழத்தைப் பிசைந்து கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று அத்தை கொடுத்துப் பார்த்தார். அதுவும் பாதி வழியில் நின்றது. மாமா மார்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே எழுந்து முற்றத்துக்குப் போனார். ஏழு வாரம் வாய்வுக்கும் அமிலத்துக்கும் மாத்திரை சாப்பிட்டார். எட்டாவது வாரம் குழாய் விட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி இருந்தது.

அன்றிரவு முதல் வீட்டில் ஒரே கேள்விதான்: எந்த ஆஸ்பத்திரி? திருவனந்தபுரமா, சென்னையா, வேலூரா, இங்கேயே போதுமா? சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். வந்திருக்கும் கட்டி எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் அந்தப் பேச்சிலேயே போயிற்று. வேகமாக வளரும் இந்த நோயில் பன்னிரண்டு நாள் சின்னக் கணக்கில்லை. இதே நிலையில் நிற்கும் வேறொரு குடும்பம் அந்த நாள்களை இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டு, படித்து, கூடவே இருந்து தெரிந்துகொண்டதை வைத்து ஒப்பிடுகிறேன்.

நம் பக்கத்தில் உணவுக்குழாயில் பெரும்பாலும் வருவது செதில் செல் புற்றுநோய். ஸ்குவாமஸ் என்று அறிக்கையில் இருக்கும். அடுத்தது அடினோகார்சினோமா. மாமாவுக்கு வந்தது இரண்டும் இல்லை, சிறுசெல் கார்சினோமா. உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்தவர்களில் நூறு பேருக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் இந்த வகை வருகிறது. 1952ல்தான் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றுநோய்க்கு இது பங்காளி. நுண்ணோக்கியில் அதே முகம், அதே வேகம். இடம் உணவுக்குழாய் என்றாலும் சிகிச்சையில் அது பெரும்பாலும் நுரையீரல் பங்காளியின் வழியில்தான் போகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

மாத்திரையா, குழாய் விட்டுப் பார்ப்பதா?

வெறும் நெஞ்செரிச்சலுக்குச் சில வாரம் மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. விழுங்கும்போது தடை தெரிந்தால் கதையே வேறு. முதலில் கட்டியான உணவு, அடுத்துக் குழைந்த சோறு, அதற்கடுத்துக் கஞ்சி என்று தடை ஏறிக்கொண்டே வந்து, கூடவே உடம்பும் இளைத்தால் மாத்திரைக்கு இன்னொரு வாரம் கொடுக்காதீர்கள். பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே, உணவுக்குழாய் எங்கே குறுகியிருக்கிறது என்று காட்டும். ஆனால் அதில் சதை எடுக்க முடியாது, எப்படியும் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்குப் போகத்தான் வேண்டும். நேரே அதற்கே போவது மேல். இதற்கு ரயில் ஏற வேண்டியதில்லை, நாகர்கோவிலிலேயே முடிந்துவிடும். தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்து, விரல் பருமன்கூட இல்லாத குழாயை விழுங்கச் சொன்னார்கள். மாமாவுக்குக் கால் மணி நேரத்தில் முடிந்தது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை துண்டு எடுப்பீர்கள்? எள்ளளவு, அரிசியளவுத் துண்டுகள்தான் வரும். ஆறு முதல் எட்டுத் துண்டு வரை எடுத்தால் நல்லது. சிறுசெல் புற்றுநோயின் செல்கள் மென்மையானவை, இடுக்கியில் பிடிக்கும்போதே நசுங்கிவிடும். நசுங்கிய செல்லை எத்தனை அனுபவமுள்ளவர் பார்த்தாலும் அது நிணநீர்ப் புற்றுநோயா, சிறுசெல்லா, வேறெதுவுமா என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

மாமாவின் முதல் அறிக்கையில் ஒரே வரிதான்: ‘புவர்லி டிஃபரென்ஷியேட்டட் கார்சினோமா’. புற்றுநோய்தான், எந்த வகைச் செல்லிலிருந்து கிளம்பியது என்று அடையாளம் தெரியவில்லை என்பது அதன் பொருள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். நாங்களும் பணம் புரட்டத் தொடங்கிவிட்டோம். தற்செயலாக அறிக்கையைப் பார்த்த ஒரு இளம் மருத்துவர்தான், “ஐ.எச்.சி. செய்தீர்களா?” என்று கேட்டார்.

ஐ.எச்.சி. என்பது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. எடுத்த சதையின் மெல்லிய சீவல்களில் வெவ்வேறு சாயங்களை ஏற்றிப் பார்ப்பார்கள். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், சிடி 56 ஆகிய சாயங்கள் பிடித்தால் நரம்பு-நாளமில்லாச் சுரப்பிச் செல் வகை என்று அர்த்தம், சிறுசெல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பி 40 பிடித்தால் செதில் செல். கேஐ 67 என்ற எண், செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று காட்டும். சிறுசெல்லில் அது மிக உயரத்தில் இருக்கும். மாமாவுக்கு 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சிலருக்கு ஒரே கட்டியில் சிறுசெல்லும் செதில் செல்லும் கலந்தே இருக்கும், துண்டுகள் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாயும் சில நாள்களும் ஆகும். சாதாரண அறிக்கையோடு நிறுத்திக்கொள்வதையும் இதைச் செய்வதையும் ஒப்பிட்டால், செலவைக் குறைக்கிறேன் என்று இதை விட்டுவிடுவதைப் போல நஷ்டம் வேறில்லை.

இரண்டாவது கருத்து கேட்க நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், மெழுகுக் கட்டி போனால் போதும். பயாப்சிக்கு எடுத்த சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து ஆய்வகம் வைத்திருக்கும், எழுதிக் கொடுத்தால் தருவார்கள். தீப்பெட்டியைவிடச் சற்று மெலிந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள், வெள்ளை மெழுகின் நடுவே நான்கைந்து பழுப்புப் புள்ளிகள். மாமாவின் நோய் முழுவதும் அந்தப் புள்ளிகளில் இருந்தது. ஒரு கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து, மார்த்தாண்டத்தில் பஸ் ஏறிக் களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனேன். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். நான்காம் நாள் முழு அறிக்கை வந்தது. அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அடுத்து, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாதாரணச் செதில் செல் நோய்க்கு மார்பு, வயிறு சி.டி. ஸ்கேனிலிருந்து தொடங்குவார்கள். சிறுசெல்லுக்கு முடிந்தவரை பெட் ஸ்கேனும், மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் கேளுங்கள், ஏனென்றால் இது மூளைக்கும் போகக்கூடியது. நுரையீரலில் தொடங்கி உணவுக்குழாய்க்கு வந்ததா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்கள். கட்டி மேல்பகுதியிலோ நடுவிலோ இருந்தால் மூச்சுக்குழாயைத் தொட்டிருக்கிறதா என்று அதற்குள்ளும் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். இரத்தத்தில் சோடியம் அளவையும் விட்டுவிடாதீர்கள். இந்த வகைக் கட்டி சிலருக்குச் சோடியத்தைக் குறைத்துவிடும். குழப்பமும் தூக்கமயக்கமும் வரும், வீட்டில் இருப்பவர்கள் களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

கத்தியா, மருந்தும் கரண்டுமா?

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சையில்தான் நம்பிக்கை. கட்டி இருக்கிறது, அறுத்து எடுத்தால் போயிற்று. செதில் செல் நோயில் அந்த நம்பிக்கைக்கு அடிப்படையும் இருக்கிறது: முதலில் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுப்பது அங்கே நிலைபெற்ற வழி. 2012ல் வெளியான கிராஸ் ஆய்வு, அப்படிச் செய்தவர்கள் நேரே அறுவை சிகிச்சைக்குப் போனவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததைக் காட்டியது. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடினோவும் செதில் செல்லும்தான், சிறுசெல் இல்லை. யாராவது அதைக் காட்டி உங்களுக்கும் அதே வழி என்றால் இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள்.

சிறுசெல்லில், ஸ்கேனில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் கட்டியிலிருந்தும் செல்கள் பெரும்பாலும் இரத்தத்தில் இறங்கியிருக்கும். உணவுக்குழாயை எடுத்து, இரைப்பையைக் குழாய் போலாக்கி மேலே இழுத்து இணைக்கும் அறுவை சிகிச்சை பல மணி நேரம் பிடிப்பது. ஆள் எழுந்து நடந்து, காயம் ஆறி, கீமோ தாங்கும் தெம்பு வரச் சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அந்த வாரங்களில் உடம்பின் மற்ற இடங்களில் இருக்கும் செல்களைத் தடுக்க எதுவும் இருக்காது. அரிய நோய் என்பதால் இதில் இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை. பல மருத்துவமனைகள் தங்கள் பழைய நோயாளிகளின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டதுதான் இருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் வெறும் அறுவை சிகிச்சை மோசமாகத் தோற்கிறது. கீமோ எந்த வடிவத்திலாவது சேர்ந்தவர்கள்தான் கூடுதல் நாள் இருந்திருக்கிறார்கள்.

ஆகவே என் தராசு இப்படித்தான் நிற்கிறது. நோய் ஒரே பகுதியில் நின்றால் கீமோவும் ரேடியேஷனும் சேர்ந்து. கட்டி மேல்படலத்தைத் தாண்டாமல், நிணநீர்க்கட்டி எதுவும் பிடிக்காமல், மிகத் தொடக்கத்திலேயே அகப்பட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம், அதற்குப் பிறகும் கீமோ வேண்டும். தூரத்து உறுப்புகளுக்குப் போயிருந்தால் கீமோதான் முதல் ஆயுதம். அங்கே கத்திக்கு வேலையில்லை.

கீமோ என்றால் இதில் பிளாட்டினம் வகை மருந்து ஒன்றும் எட்டோபோசைடும். முதல் நாள் இரண்டும், அடுத்த இரண்டு நாள் எட்டோபோசைடு மட்டும், 21 நாளுக்கு ஒரு சுற்று, நான்கு முதல் ஆறு சுற்று. சிஸ்பிளாட்டினா, கார்போபிளாட்டினா என்று மருத்துவர் கேட்டால் சிறுநீரகத்தையும் காதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிஸ்பிளாட்டின் இரண்டையும் பாதிக்கக்கூடியது, நிறையத் திரவம் ஏற்ற வேண்டியது, வாந்தி மிகுதி. கார்போபிளாட்டின் சிறுநீரகத்துக்கு மென்மை, ஆனால் இரத்த அணுக்களைக் கூடுதலாக இறக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்ததால் மாமாவுக்குச் சிஸ்பிளாட்டின் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் வைத்தியர் பேச்சும் வந்தது. நம் மாவட்டத்தில் வராமல் இருக்காது. வர்மமும் சித்தமும் கைவந்தவர்கள் நம்மிடம் உண்டு, என் முதுகுவலிக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் இந்த நோயில் மூன்று வாரம் கசாயம் குடித்துப் பார்க்கலாம் என்பது மூன்று வாரத்தைக் கட்டிக்குக் கொடுப்பது. கீமோவோடு சேர்த்துப் பற்பமும் கசாயமும் சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்டால், அடுத்த சுற்றைக் கொடுக்க முடியாமல் போகும்.

கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் ரேடியேஷன், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தரை வாரம் நடந்தது, மொத்தம் 28 முறை. வலிக்காது, ஒரு முறைக்குச் சில நிமிடம்தான். மூன்றாவது வாரத்திலிருந்து உணவுக்குழாய் உள்ளே புண்ணாகி, எச்சில் விழுங்குவதே கஷ்டமாகும். எந்த ஊரில் வைத்துக்கொள்வது என்ற கேள்வி இங்கேதான் உண்மையில் வருகிறது.

நெய்யூரா, திருவனந்தபுரமா, சென்னையா?

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் அயலூர் இல்லை. 1956 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம்தான். அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான். அரிய நோயைப் பலமுறை பார்த்த கண்கள் கிடைக்கும் என்பது அதன் பெரிய பலம். கூட்டம் அதிகம், காலையில் எடுத்த டோக்கனுக்கு மாலைவரை காத்திருக்க நேரிடும். சென்னை அடையாறில் 1954ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் அதே தரத்தில் அனுபவம் உள்ளது. ஆனால் 700 கிலோமீட்டர். நோயாளி சான்றிதழ் இருந்தால் ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள் பலர்.

நெய்யூரை நம் ஆட்களே குறைத்து நினைக்கிறார்கள். 1838ல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி அது. 1922, 1924 ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய மருத்துவர் சோமர்வெல், மலையை விட்டுவிட்டு வந்து அறுவை சிகிச்சை செய்த இடம், புற்றுநோய்க்கு அந்தக் காலத்திலேயே ரேடியம் வைத்த இடம். இன்றும் அங்கே புற்றுநோய் மையம் உண்டு. குலசேகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

தரத்தை மட்டும் பார்த்தால் பெரிய மையம், தூரத்தை மட்டும் பார்த்தால் பக்கத்து ஊர். எங்களுக்கு முடிவு சொல்லித்தந்தது ஒரு தெர்மாமீட்டர். கீமோ ஏற்றிய பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். முதல் சுற்றின் பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு மாமாவுக்கு 101 காட்டியது. பக்கத்து வீட்டுக்காரரின் ஜீப்பில் முக்கால் மணி நேரத்தில் வார்டில் படுக்க வைத்தோம். சென்னையில் கீமோ ஏற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தால், அந்த நேரத்தில் எங்கே ஓட வேண்டும் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

எனவே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நோய் என்னவென்று உறுதி செய்வதும் சிகிச்சைத் திட்டம் வகுப்பதும், பலரைப் பார்த்த பெரிய மையத்தில். அந்தத் திட்டத்தை நடத்துவது, நடுராத்திரியில் எட்டக்கூடிய இடத்தில் அல்லது அந்த ஐந்தரை வாரமும் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கக்கூடிய இடத்தில். தினமும் போய்வரலாம் என்று நினைத்தவர்கள் மூன்றாவது வாரத்தில் பஸ்ஸிலேயே சுருண்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ரேடியேஷன் நாள்களுக்கு நாங்கள் திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ் பக்கம் அறை எடுத்தோம், அத்தை அங்கேயே கஞ்சி வைத்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையில், எல்லைக்கு அப்பால் என்றால் குறிப்பாக, அட்டை செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டபிறகே சேருங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

மருத்துவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நாள் முழுவதும் இதுதான் வேலை. அடைத்த உணவுக்குழாய்க்கு மூன்று வழி சொல்வார்கள். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், வயிற்றில் சின்னத் துளை போட்டுச் சிறுகுடலிலோ இரைப்பையிலோ குழாய், அல்லது கட்டிக்குள் வலைச்சுருள் ஸ்டென்ட். ஸ்டென்ட் கேட்க இனிமையாக இருக்கும், வைத்த மறுநாளே விழுங்கலாம் என்பார்கள். ஆனால் குணப்படுத்தும் நோக்கத்தோடு ரேடியேஷன் கொடுக்கப்போகிறவருக்கு முதலில் அதை வைப்பது பொதுவாக நல்லதில்லை. கட்டி சுருங்கும்போது சுருள் நழுவும், வலிக்கும், சிலருக்குக் கிழிக்கும். அதன் இடம், நோய் பரவி, விழுங்குவதற்கு மட்டும் ஆறுதல் தேடும் நிலையில். பின்னால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பிருந்தால் இரைப்பையில் துளை போடுவதைத் தவிர்த்துச் சிறுகுடலில் போடச் சொல்வார்கள், ஏனென்றால் அந்த இரைப்பைதான் புதிய உணவுக்குழாயாக வேண்டும்.

மாமாவுக்கு மூக்குக் குழாய்தான் போட்டார்கள். அசிங்கமாக இருக்கிறது என்று முதல் வாரம் யாரையும் பார்க்க மறுத்தார். சம்பா அரிசியும் சிறுபயறும் வறுத்துப் பொடித்துக் காய்ச்சிய கஞ்சியை அத்தை பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுவார். கூடவே முட்டை, பால். தலைப்பக்கம் மூன்று தலையணை வைத்து உட்கார்த்தி, 50 மில்லி சிரிஞ்சில் மெதுவாக விட்டு, கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அரை மணி நேரம் படுக்க விடாமல் பேசிக்கொண்டிருப்பார். கிழங்கு மாவு மட்டும் வேண்டாம், பசைபோல் பிடித்துக் குழாய் அடைத்துக்கொண்டது. அதில் புரதமும் குறைவு.

இந்த வகையில் ஒரு நல்ல செய்தி உண்டு. சிறுசெல் கீமோவுக்கு வேகமாக இளகக்கூடியது. இரண்டாவது சுற்று முடியும்போது மாமா வாயாலேயே கஞ்சி குடித்தார். அதனால் முதல் நாளே நிரந்தர ஏற்பாடு எதற்கும் அவசரப்பட வேண்டாம் என்று சொல்வேன். ஆள் ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தால் மட்டும் வயிற்றுக் குழாயைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேகமாக இளகுவது வேகமாகத் திரும்பியும் வரலாம். மாமாவுக்குப் பதினான்காம் மாதம் கல்லீரலில் திரும்ப வந்தது. இப்படிப்பட்ட நிலையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரப்பி பற்றிச் சொல்வார்கள். பரவிய நுரையீரல் சிறுசெல்லில் கீமோவோடு அட்டிசோலிசுமாப் என்ற அந்த வகை மருந்தைச் சேர்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி வாழ்நாள் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமாகக் கூடியது. அதுவும் முதன்முதலில் கொடுக்கும் சிகிச்சையில், திரும்ப வந்த பிறகு அல்ல. உணவுக்குழாய்க்கு அதை நீட்டித்துப் பார்க்கிறார்கள், ஆதாரம் மெல்லியது, விலை பல லட்சம். நிலத்தை விற்று அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு வழி இரினோடிகான் போன்ற இரண்டாம் கட்டக் கீமோ. மூன்றாவது, வலியையும் மூச்சையும் மட்டும் கவனித்துக்கொண்டு வீட்டில் இருப்பது. மாமாவிடம் மூன்றையும் அப்படியே சொன்னோம். வீட்டில் இருக்கிறேன் என்றார்.

அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் அன்றே ஏற்பாடு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சைக்கு வீட்டுக்கே செவிலியர் வருகிறார்கள். திருவனந்தபுரத்தில் 2003 முதல் பாலியம் இந்தியா அமைப்பு இதையே முழுநேரப் பணியாகச் செய்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மார்பின் மாத்திரையை நான் இரண்டு நாள் கொடுக்காமல் வைத்திருந்தேன், அடிமையாகிவிடுவாரோ என்று. அந்த இரண்டு இரவும் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் நாள் செவிலியர் வந்து, அட்டையில் மாத்திரை முழுதாக இருப்பதைப் பார்த்துவிட்டு, முதல் மாத்திரையைத் தானே கொடுத்தார். அன்றிரவு மாமா படுத்துத் தூங்கினார்.